மூன்று மணி இடி

அத்தியாயம் 6

கொம்பியூட்டர் அழுதுகொண்டிருந்தது.

நீலத் திரை. நடுவில் வாய் கோணிய ஒரு சோக மூஞ்சி. கீழே நாலு வரி இங்கிலிஷ்.

"அக்கா, பாருங்கோ. செய்யிறதையும் செய்து போட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. என்ர மச்சானும் உப்பிடித்தான்," என்றான் வாசலில் நின்றே உள்ளே எட்டிப் பார்த்த ஜவ்பர்.

ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. பத்து வருசம் கல்லுடைத்த கை. இப்போது அந்தக் கையின் வேலை வேறு: காணாமல் போன மாடு, களவுபோன தண்ணிப் பம், கழற்றிக்கொண்டு போன உழவு மிசின் பற்றரி, எதுவென்றாலும் கிளிநொச்சி முழுக்க ஆட்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். பொலிசுக்குப் போனால் முறைப்பாடு எழுதின என்ட்ரி கிடைக்கும், ஜெகதீஸ்வரியிடம் போனால் பம் கிடைக்கும் என்று ஒரு கதை உண்டு. அவளை ஏற்றி இறக்குகிறவன் ஜவ்பர். முல்லைத்தீவுக்காரன். அவனுடைய ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள் நிற்கும். செத்த வீடு, கோயில் திருவிழா, கந்தூரி, எல்லாவற்றுக்கும் அவன்தான் ஊரூராய் அறிவிக்கிறவன். அந்தக் குரலை மற்ற நேரங்களில் வீணாக்கக் கூடாது என்று எப்போதும் ஏதாவது கதைத்துக்கொண்டே இருப்பான்.

இந்த முறை அவளைக் கூப்பிட்டிருந்தவர் மயில்வாகனம். அக்கராயனுக்கு அப்பால், கூழாமடுக்குளம் கமக்காரர் அமைப்பின் தலைவர்; வயல் செய்கிற ஆட்களின் சங்கம் அது. அமைப்பின் அலுவலகமான கந்தோரின் வாசல் கதிரையில் சாய்ந்து இருந்தார். சட்டைப் பையில் போன், அதன் கயிறு கழுத்தில்.

"வா பிள்ளை ஈசு. நீ வந்தாத்தான் இதுக்கு ஒரு முடிவு."

"நேற்று, செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேறை அலுவலாய் உங்களுக்கு ரெண்டு தரம் அடிச்சனான் அண்ணை. நீங்கள் எடுக்கேல்லை."

"வயலுக்குள்ளை நிண்டனான். போன் வீட்டிலை கிடந்தது."

அவள் தலையாட்டினாள். ஏ-நைன் ரோட்டுக்குக் கல்லுடைத்த காலத்தில் பக்கத்துக் குவியலில் நின்றவர் இந்த மனிசன். முதல் சுத்தியலைக் கையில் தந்தவர். ஒருநாள் கல்லுத் துண்டு தெறித்து அவளுடைய புருவம் கிழிந்தபோது, ரத்தம் ஒழுக ஒழுகச் சைக்கிளில் ஏற்றிப் பதினொரு கிலோமீற்றர் மிதித்துக்கொண்டு போனவர். தழும்பு இப்போதும் இருக்கிறது. அவர் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

"விசயம் இதுதான்," என்றார். "நேற்று இந்த மிசின் தானாகப் புதுசாக மாற, அதுதான் அப்டேற் போட, வெளிக்கிட்டிருக்குது. பின்னேரம் கந்தோர் கூட்டுற நாகேஸ்வரி மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் போட்டாள். மிசின் பாதியிலை செத்துப் போச்சு. பங்குப் பட்டியலும் அதோடை போச்சு. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்குச் சிறுபோகக் கூட்டம். நீ விசாரிச்சு, என்ன நடந்ததெண்டு ஒரு கடிதம் எழுதித் தா. நான் கூட்டத்திலை வாசிக்கிறன்."

"கடிதமோ? கோட்டிலை வாதாடுற பிரக்கிராசியே நான் அண்ணை?"

"உன்ர சொல்லை ஆக்கள் நம்புவினம், ஈசு. அதுதான்."

சொல்லிவிட்டு, உரக்காரனைப் பார்க்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே அமைப்பின் செயலாளர் சுதாஜினி இருந்தாள். முப்பது வயது வராது. அழுது முடிந்து, கோபம் தொடங்கிய கண்கள்.

"தானாக மாறினதாம்! மூண்டு மாசமாய் ஒவ்வொரு நாளும் அது கேக்கும் அக்கா. 'இப்ப மாறட்டோ, பிறகு மாறட்டோ' எண்டு. ஒவ்வொரு நாளும் 'பிறகு' எண்டதைத்தான் அமத்துவன். உது பழைய மிசின், புதுசைத் தாங்காது. ஜெயபுரத்திலை ஒரு சங்கத்திலை 'இப்ப' எண்டதை அமத்திப் போட்டு, பிறிண்டரும் வேலை செய்யேல்லை, தமிழ் எழுத்தும் வரேல்லையாம். எழுபது பேற்றை விண்ணப்பம் எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாய் நிக்குதாம்."

"இதிலை என்ன இருந்தது?"

"பங்குப் பட்டியல்."

அது என்னவென்று சொல்லித்தான் ஆக வேண்டும். கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்குக் குளத்தில் எல்லாருக்கும் தண்ணீர் காணாது. துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற வாயின் பக்கத்தில், கிடக்கிற நிலத்தில் மட்டும் விதைப்பார்கள். நிலம் யாருடையது என்பது அந்தப் போகத்துக்குக் கணக்கில்லை. நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் முறை வந்த முப்பத்தெட்டுக் குடும்பம் வரப்புப் பிரித்து விதைக்கும். முறை யாருக்கு என்பதில் ஒரு வருசம் மண்வெட்டிப் பிடியால் அடிபட்டு மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த விதி: எழுத்தில் இருக்கிற பட்டியல் மட்டும்தான் செல்லும். புதுப் பட்டியல் இல்லையென்றால் போன வருசத்துப் பட்டியலே திரும்பவும் செல்லும்.

"இந்த முறை ஆற்றை முறை?"

"கடைசி வாய்க்கால்காரர். முப்பத்தெட்டுக் குடும்பமும். ரெண்டு மாசம் வரப்பு வரப்பாய் நடந்து, பழைய கொப்பியளைப் பாத்துச் செய்த பட்டியல் அக்கா. கொப்பியளைக் கறையான் திண்டிட்டுது. கொம்பியூட்டரிலை இருந்தாப் பத்திரம் எண்டு நினைச்சன்." திரையைக் கையால் தட்டினாள். "இது மாறத் தொடங்கேக்குள்ளை ஒரு வரி காட்டுமாம். 'உங்கட பைல்கள் எல்லாம் விட்ட இடத்திலை அப்பிடியே இருக்கும்' எண்டு. என்ன துணிவு பாருங்கோ!"

"போன வருசத்துப் பட்டியலிலை ஆர்?"

"மேல் வாய்க்கால்காரர்." சுதாஜினி கொஞ்சம் நிறுத்தினாள். "தலைவரும்."

ஜவ்பர் இருமினான். ஜெகதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். இருமல் நின்றது.

"மூண்டு கேள்வி," என்றாள் அவள். "இதுக்குப் புதுசு எங்கையிருந்து இறங்கினது? கந்தோருக்கு இன்ரநெற் லைன் இருக்கோ?"

"இல்லை. போனிலை இருந்துதான் நெற் எடுப்பம். ஆனால் நான் நேற்று முழுக்கக் கிளிநொச்சியிலை. பயிற்சி ஒண்டுக்குப் போகச் சொல்லித் தலைவர் அனுப்பினவர். போன் என்னோடை."

"சிக்னல்?"

"அந்த ஜன்னல் கட்டிலை வைச்சாத்தான் வரும். வேறை இடத்திலை கதைக்கலாம், நெற் வராது."

"கதவுத் திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டை, தலைவரிட்டை, நாகேஸ்வரி அக்காட்டை."

ஜவ்பர் விரலை மடக்கினான். "நாகேஸ்வரி அக்காவின்ர போனை எனக்குத் தெரியும். பட்டன் போன். அதிலை இருந்து நெற் எடுக்கிறதெண்டால் கிணத்து வாளியாலை குளத்தை இறைக்கிற மாதிரி. அப்ப மிச்சம்..."

"வாயை மூடு ஜவ்பர்."

"நான் கணக்குத்தான் பாத்தனான்."

"பாக்காதை."

அவள் மெயின் சுவிச்சின் கீழே போய் நின்றாள். அதற்கு மேல் சுவரில் ஒரு மட்டை. தடித்த எழுத்தில்: *இடி இடித்தால் உடனே மெயினை நிறுத்தவும். தலைவர்.* இரண்டு வருசத்துக்கு முன் மின்னல் இறங்கிக் கந்தோர் ரீவி கருகிய பிறகு ஒட்டியது. அப்போது அவளும் பார்த்திருக்கிறாள்.

"இந்த மிசினை இப்ப என்ன செய்யிறது?"

ஜவ்பர் மாங்குளத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற நிருஷனுக்குப் போன் போட்டுச் சத்தமாக விட்டான். நிருஷன் கேட்ட முதல் கேள்வி: "அது ஏதும் எண் காட்டுதோ?"

"காட்டும்," என்றாள் சுதாஜினி. "மாற்றத்தைத் திரும்ப எடுக்கிறன், நிப்பாட்ட வேண்டாம் எண்டு காட்டும். முப்பது, நாப்பதிலை அப்பிடியே நிக்கும். இண்டைக்குக் காலமையிலை இருந்து மூண்டு தரம் நிப்பாட்டிப் போட்டுப் போட்டனாங்கள். கடைசித் தரந்தான் இந்த அழுமூஞ்சி."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"தலைவர். செத்த பிணத்துக்கு ஏன் கரண்ட் குடுக்கிறாய் எண்டவர்."

மறுபக்கம் நிருஷன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "அது செத்த பிணமில்லை. பழையபடி திரும்பி வர வழி தேடிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒவ்வொருக்காவும் காலைத் தட்டி விழுத்தியிருக்கிறியள். திரும்பப் போட்டிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ. ரெண்டு மூண்டு மணித்தியாலம். இடையிலை கரண்ட் நிண்டால் நான் பொறுப்பில்லை."

"இப்ப போடாதை," என்றாள் ஜெகதீஸ்வரி. "நான் வந்த பிறகு போடுவம். முதல்லை நாகேஸ்வரியைப் பாக்கவேணும்."

*

கடைசி வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆடு படுத்திருந்தது.

நாகேஸ்வரி முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தாள். ஓட்டோவைக் கண்டதும் கோடரியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"வேலைக்கு வரவேண்டாம் எண்டு தலைவர் ஐயா சொல்லிப் போட்டார். நாளைக்குக் கூட்டத்திலை என்ர பேரைச் சொல்லப் போறாராம். என்ர குடும்பத்துக்கும் இந்த முறை பங்கு இருக்குது அக்கா. என்ர பங்கை நானே அழிப்பனோ?"

"நேற்று என்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லு."

"மூண்டு மணி இருக்கும். சித்திரை மாசம்தானே, நாள் தவறாமல் மூண்டு மணிக்கு இடிக்குது. நான் கூட்ட வந்தனான். கொம்பியூட்டரிலை புள்ளி புள்ளியாய் வட்டம் சுத்தினது. முப்பத்தெட்டு எண்டு ஒரு எண். இடி விழுந்தது. மட்டையிலை எழுதியிருக்கிறபடி மெயினை நிப்பாட்டினன். அவ்வளவுதான்."

"கந்தோரிலை ஒருதரும் இல்லையோ?"

"இல்லை."

ஜவ்பர் ஓட்டோவில் இருந்தபடியே, "ஒரு பேய் பிசாசு, பூனை, நாய் எண்டாலும் இருந்திருக்குமே அக்கா? துணைக்கு ஒண்டும் இல்லாமலே அந்த மிசின் தானாகப் புதுசு போட்டுக்கொண்டது?" என்றான்.

"மனிசர் இல்லை. ஒரு போன்தான் ஜன்னல் கட்டிலை கிடந்தது. சாச்சரிலை குத்தினபடி."

ஜெகதீஸ்வரியின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"ஆற்றை போன்?"

"ஆருக்குத் தெரியும்? எல்லாம் கறுப்புப் போன்தானே. மத்தியானம் ஒருக்கால் தண்ணிக்குடம் வைக்கப் போனனான். அப்பவும் அது அங்கைதான். ரெண்டு தரம் அடிச்சது. மற்றவையின்ர போனைத் தொடுற பழக்கம் எனக்கில்லை. எட்டிப் பாத்தன். சிரிப்பு வந்தது."

"ஏன்?"

"பேர் அப்பிடி. 'கல்லு ஈசு' எண்டு விழுந்தது."

ஆடு செருமியது.  

இந்தக் கிளிநொச்சி மாவட்டத்தில் அவளை அந்தப் பெயரில் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். கல்லுக் குவியலில் நாலு ஈஸ்வரிகள் நின்றார்கள். வேகமாக உடைக்கிறவள் என்று அவளுக்கு மட்டும் அவர் வைத்த பெயர்.

"இதை ஏன் ஒருதருக்கும் சொல்லேல்லை?"

"மெயினைப் பற்றித்தானே எல்லாரும் கேட்டவை. போனைப் பற்றி ஆர் கேட்டது?"

ஜெகதீஸ்வரி ஓட்டோவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் அதது இடத்தில் போய் விழுந்தது. சுதாஜினியைக் கிளிநொச்சிக்கு அனுப்பியது. போனை ஜன்னலில் விட்டு மாற்றத்தைத் தொடக்கிவிட்டு வயலுக்குப் போனது. மூன்று மணிக்கு இடி வரும். இடி வந்தால் நாகேஸ்வரி மெயினை நிறுத்துவாள். நிறுத்தச் சொல்லி மட்டை எழுதியவர் அவர்தானே. தன் விரல் படாமல் ஒரு பட்டியலைக் கொல்ல வானத்தையும் ஒரு ஏழையின் கையையும் கூலிக்குப் பிடித்திருக்கிறார். கடைசியில் அந்தப் பொய்யின் கீழே கையெழுத்து வைக்க ஜெகதீஸ்வரியைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவள் தன்னையறியாமல் புருவத் தழும்பைத் தடவினாள். பிறகு, சுட்டதுபோல், கையை எடுத்தாள்.

"நாகேஸ்வரி, ஏறு. ஜவ்பர், உன்ர குழாயளுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி வேலை செய்யுதோ?"

"பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாய் மாத்துற அந்தப் பெட்டியோ? போன கிழமை ஒரு கலியாண வீட்டிலை ரீவியே ஓட்டினது."

"ஓட்டோவைக் கந்தோருக்குப் பின்பக்கம் ஜன்னலோடை ஒட்டி நிப்பாட்டு. மிச்சத்தைப் போற வழியிலை சொல்லுறன். வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை."

"அதுதான் அக்கா கஷ்டம்."

*

ஒரு மணிக்கு மிசினைப் போட்டார்கள். அழுமூஞ்சி வந்தது, போனது. கறுப்புத் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. பூச்சியம். ஒன்று. ஒன்றிலேயே இருபது நிமிசம்.

"இது மாறுதோ, தவம் இருக்குதோ?" என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜவ்பர்.

ஜெகதீஸ்வரி மயில்வாகனத்துக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, மிசின் திரும்ப வருதாம். மூண்டரைக்குள்ளை பட்டியல் கிடைச்சிடும் எண்டு நிருஷன் சொல்லுறான். இடையிலை கரண்ட் மட்டும் நிக்கக் கூடாதாம்."

 "நல்லது பிள்ளை," என்றார்.

ஒரு மனிசனுக்கு வராமல் இருக்கவும் வழி உண்டு. வயலில் வேலை என்று இருந்துவிடலாம். வெட்கப்பட்டு வீட்டில் படுத்துவிடலாம். அவள் வாசலைப் பார்த்தபடி இருந்தாள். வாழ்க்கையில் முதல்தரம், தான் பிடித்த துப்புப் பிழைத்துப் போகவேண்டும் என்று நினைத்தாள்.

இரண்டே முக்காலுக்கு வானம் அடுப்படிச் சுவர்போல் கறுத்தது. இரணைமடுப் பக்கம் முதல் உறுமல். அதோடு மோட்டார் சைக்கிள் சத்தமும்.

மயில்வாகனம் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். எழுபது.

"இடி இடிக்குது. மெயினை நிப்பாட்டு சுதாஜினி."

"ஐயா, இன்னும் கொஞ்சம்தான்..."

"சட்டம் எண்டாச் சட்டம். மட்டையிலை எழுதியிருக்குது. கந்தோர் எரிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

"நான் சொல்லுறன் அண்ணை," என்றாள் ஜெகதீஸ்வரி. "இண்டைக்கு ஒருநாள் விடுங்கோ. எனக்காக."

அவர் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. வானம் கிழிந்ததுபோல் ஒரு இடி. அவர் கை மேலே போனது. மெயின் சுவிச் டக்கென்று விழுந்தது.

மின்விசிறி ஓய்ந்தது. விளக்கு அணைந்தது. சுதாஜினி வீலென்று கத்தினாள்.

இருட்டில் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.

மயில்வாகனம் சுவிச்சைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மேசைக்குக் கீழே ஜன்னலை நோக்கி ஓடிய மஞ்சள் வயரைப் பார்த்தார். ஜன்னலில் ஒரு தலை எழும்பியது.

"தலைவர், என்ர ஓட்டோவுக்கு மெயின் சுவிச் இல்லை," என்றான் ஜவ்பர்.

ஜெகதீஸ்வரி தன் போனை எடுத்து ஒரு எண்ணை அமத்தினாள். மயில்வாகனத்தின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. பையின் மெல்லிய துணிக்குள்ளால் வெளிச்சமும் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. மூலையில் நின்ற நாகேஸ்வரி கிட்டப் போய், கழுத்துக் கயிற்றோடு அதை வெளியே இழுத்தாள்.

"இதுதான் அக்கா. இதே சத்தம். கல்லு ஈசு."

மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. சுதாஜினி மெல்லக் கேட்டாள். "ஐயா... பாதியிலை கரண்ட் நிண்டால் எல்லாம் போயிடும் எண்டு உங்களுக்கு நான்தானே சொன்னனான். கவனமாயிருக்கச் சொல்லித்தானே சொன்னனான்?"

அவர் கதிரையில் இருந்தார். "மாரிக் காலபோகம் வெள்ளத்திலை அழிஞ்சு போச்சு. இன்னும் ஒரு போகம், ஒரே ஒரு போகம் துருசடி எனக்கு வேணும். கடைசி வாய்க்கால்காரர் தண்ணியில்லாமல் இருந்து பழகின ஆக்கள். ஒரு வருசம் பொறுத்தால் என்ன குறைஞ்சு போகும் எண்டு நினைச்சன்."

"பழக்கினது ஆர் ஐயா?" என்றாள் நாகேஸ்வரி.

 அவர் ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "ஈசு..."

"நாகேஸ்வரியை மாட்டினது ஒரு பக்கம். என்னை ஏன் கூப்பிட்டனியள்?"

"உன்ர சொல்லை..."

"நம்புவினம். ஓம். அதுதான் உங்களுக்குத் தேவைப்பட்டது." அவள் குரல் உயரவில்லை. "வேறை ஆரும் இதைச் செய்திருந்தால் கள்ளன் எண்டு போட்டுப் போயிருப்பன். நீங்கள் பதினொரு கிலோமீற்றர் சைக்கிள் மிதிச்ச மனிசன். அந்தத் தூரத்தை இண்டைக்குத் திரும்ப நடந்து வந்த மாதிரி இருக்குது எனக்கு."

மூன்றரைக்கு மிசின் ஒருதரம் கறுத்து, பிறகு வெளித்தது. பழைய முகப்பு: குளம் நிரம்பி வான் பாய்கிற படம். சுதாஜினி பைலைத் திறந்தாள். முப்பத்தெட்டுப் பெயர். மூன்றாவது வரியில் நாகேஸ்வரியின் குடும்பம்.

"பிறிண்ட் எடு," என்றாள் ஜெகதீஸ்வரி.

சுதாஜினி பிறிண்டரைத் தட்டிப் பார்த்தாள். "மிசினுக்கு அதைக் கண்டுபிடிக்கேலாதாம் அக்கா. பக்கத்திலைதானே நிக்குது!" மேசை லாச்சியை இழுத்துப் புதுக் கொப்பி ஒன்றை எடுத்தாள். பேனையைக் கடித்துத் திறந்தாள். "வேண்டாம். நான் கையாலை எழுதுறன். எழுதி முடியுமட்டும் ஒருதரும் இதைத் தொடாதேங்கோ."

ஜெகதீஸ்வரி அந்தக் கொப்பியிலேயே கடைசித் தாளைக் கிழித்து, அவர் கேட்ட கடிதத்தை எழுதினாள். இரண்டே வரி. செவ்வாய்க்கிழமை மிசினை மாற்றத் தொடக்கியது யார், புதன்கிழமை மெயினை நிறுத்தியது யார். கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைத்தாள். அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு நீங்களே வாசியுங்கோ. வாசிக்காட்டி நான் வாசிப்பன்."

*

மழை விட்ட வாய்க்கால் ரோட்டில் ஓட்டோ மெல்லப் போனது. பின்சீற்றில் ஜெகதீஸ்வரி இருந்தாள்.  

மடியில் போன் அடித்தது. திரையில்: *மயில் அண்ணை.*

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை; நிறுத்தவும் இல்லை.

கண்ணாடியில் அதைக் கண்ட ஜவ்பர் கையை நீட்டி ஒலிபெருக்கியைப் போட்டான். கூரையில் இரண்டு குழாயும் கரகரத்தன. குடிசை வாசல்களில் ஆட்கள் எழும்பி நின்றார்கள்.

"கடைசி வாய்க்கால் கமக்காரருக்கு அறிவித்தல். நாளை காலை ஒன்பது மணிக்குச் சிறுபோகக் கூட்டம். பங்குப் பட்டியல் கிடைத்துவிட்டது. இம்முறை உங்கள் முறை. ஒருவரும் தவறாமல் வரவும்."

அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தச் சத்தத்தில் போன் அடித்ததும் கேட்கவில்லை, அடித்து ஓய்ந்ததும் கேட்கவில்லை.